கைத்துப்பாக்கியை எங்கே வைத்துக்கொள்வது? கைப்பையா, இடுப்பா, காரா?

கொங்குத்தென்றல் (கேட்டி, டெக்சஸ்)

வணக்கம். ஹூஸ்டனுக்கு மேற்கே கேஸ் ஸ்டேஷனோடு சேர்ந்த ஒரு சிறு கடையை நடத்துகிறோம். இரவு பதினொரு மணிக்குக் கடையைச் சாத்திவிட்டுக் கல்லாப் பணத்தோடு காருக்கு நடப்பது பெரும்பாலும் நான்தான். சென்ற மாதம் இதே சாலையில் இன்னொரு கடைக்காரரிடம் பணத்தைப் பறித்துக்கொண்டு, அவரைத் தலையிலும் அடித்துவிட்டுப் போனார்கள். அதன் பிறகு நானும் கணவரும் பேசி முடிவெடுத்துக் கைத்துப்பாக்கி ஒன்று வாங்கினோம். இருவரும் குடியுரிமை பெற்றவர்கள். துப்பாக்கி உரிம வகுப்புக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன்.

வாங்கியது கிளாக் 43எக்ஸ். இதை எதில் வைத்துக்கொள்வது என்பதில்தான் குழப்பம். துப்பாக்கிக் கடையில் இதற்கென்றே தனி அறை தைத்த தோல் கைப்பை ஒன்றைக் காட்டினார்கள். கணவர், காரின் டாஷ்போர்டு போதும் என்கிறார். நான் பெரும்பாலும் சுடிதாரில் இருப்பவள், பெல்ட் கட்டும் பழக்கமே இல்லை. நான்கு வயது மகன் மாலையில் கடைக்கு வந்துவிடுவான், என்னை விட்டு நகர மாட்டான். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

தாமிரபரணி (டாலஸ்)

சகோதரி, கைப்பையை முதலில் விலக்கிவிடுங்கள். உரிம வகுப்புகளில் பல ஆண்டுகளாக உதவியாளராக இருக்கிறேன். புதிதாக வரும் பெண்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

2014 டிசம்பர் 30. இடாஹோ மாநிலத்தில் ஹேடன் என்ற ஊரின் வால்மார்ட். ஓர் இளம் தாய் தன் இரண்டு வயது மகனைத் தள்ளுவண்டியில் உட்காரவைத்திருந்தார், பக்கத்திலேயே கைப்பை. உங்களுக்குக் காட்டினார்களே, அதைப் போலவே துப்பாக்கிக்கென ஜிப் வைத்த தனி அறை கொண்ட பை. அவரிடம் உரிமமும் இருந்தது. அவர் கவனம் வேறு பக்கம் போன நேரத்தில் குழந்தை அந்த ஜிப்பைத் திறந்துவிட்டான். ஒரே தோட்டா. தாய் அங்கேயே இறந்துபோனார். உங்கள் மகனுக்கு வயது நான்கு என்று எழுதியிருக்கிறீர்கள். இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

பை என்றால் எங்காவது கழற்றி வைத்தே தீர வேண்டும். கல்லா மேசையில், நாற்காலி முதுகில், விருந்துக்குப் போன வீட்டின் கட்டிலில். வழிப்பறிக்காரன் முதலில் பிடுங்குவதும் பையைத்தான். பணத்தோடு துப்பாக்கியும் அவன் கைக்குப் போய்விடும்.

கைத்துப்பாக்கிக்கு இரண்டே இடம்தான். ஒன்று உங்கள் உடம்பு, மற்றது பூட்டிய பெட்டி. டாஷ்போர்டு இந்த இரண்டிலும் சேராது. டெக்சஸ் சட்டம் காரில் வைத்திருக்க அனுமதிக்கிறது, உண்மைதான். ஆனால் இந்த நாட்டில் திருட்டுப்போகும் துப்பாக்கிகளில் பெரும்பங்கு நிறுத்திவைத்த கார்களிலிருந்து போகிறது. தவிர, கடைக் கதவுக்கும் காருக்கும் நடுவில் இருக்கும் அந்த இருட்டு நடைதான் உங்கள் ஆபத்து. அங்கே டாஷ்போர்டில் இருக்கும் துப்பாக்கி எதற்கு உதவும்?

வைகைக்கரை (ஆஸ்டின்)

தாமிரபரணி அண்ணா சொல்வதை மதிக்கிறேன், ஆனால் முழுக்க ஏற்க முடியவில்லை. இடுப்பில் வைக்கும் முறையெல்லாம் ஜீன்ஸும் தடித்த பெல்ட்டும் போடும் ஆண்களுக்காக உருவானவை. சுடிதாரில் எங்கே மாட்டுவது? என் மனைவி தோளில் குறுக்காகப் போடும் பை வைத்திருக்கிறாள், அதைக் கழற்றவே மாட்டாள். பையும் இல்லை, இடுப்பும் இல்லை என்றால் பெண்கள் வெறுங்கையோடுதான் நடக்க வேண்டுமா?

இன்னொன்று. தோட்டாவைக் குழலறையில் (சுடத் தயாராகத் தோட்டா நிற்கும் இடத்தில்) ஏற்றாமல், பிடிக்குள் செருகும் மேகசினில் மட்டும் வைத்துக்கொண்டால் பாதி ஆபத்து குறைந்துவிடும். இஸ்ரேலில் இப்படித்தான் கற்றுக்கொடுத்தார்கள்.

மருதம் (சான் அன்டோனியோ)

சுடிதாரில் முடியாது என்று யார் சொன்னது? நான் சில ஆண்டுகளாகச் சுடிதாரில்தான் வைத்திருக்கிறேன்.

உடையின் பெல்ட்டைச் சார்ந்திராத உறைகள் இப்போது கிடைக்கின்றன. இடுப்பைச் சுற்றிக் கட்டும் தனிப் பட்டை, அதில் ஒரு கடினமான தகடு, அந்தத் தகட்டோடு கைடெக்ஸ் என்ற கடினப் பிளாஸ்டிக் உறை திருகி இறுக்கப்பட்டிருக்கும். முதலில் இதைக் கட்டிக்கொண்டு மேலே சல்வாரும் குர்தாவும் அணிந்தால் வெளியே தெரியாது. கடைகளில் மலிவாக விற்கும் எலாஸ்டிக் வயிற்றுப்பட்டையை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அதில் துப்பாக்கி இருக்கும் பகுதி வெறும் துணி. துணி வழியாக விசையை (டிரிகரை) அழுத்த முடியும். அது உறையே அல்ல.

அக்கா, உங்களுக்கு இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். முதலாவது, குர்தாவின் பக்கத் திறப்பு எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். திறப்பு இடுப்புக்குக் கீழே இருந்தால் இடது கையால் துணியை நெஞ்சுவரை ஏற்றிப் பிடித்தால்தான் வலது கை உறையைத் தொடும். நான் என் குர்தாக்களைச் சற்றுக் குட்டையாகத் தைத்துக்கொள்கிறேன்.

இரண்டாவது, துப்பட்டாவும் நாடாவும். துப்பாக்கியைத் திரும்ப உறைக்குள் வைக்கும்போது துப்பட்டாவின் நுனியோ சல்வார் நாடாவோ விசையைச் சுற்றியுள்ள காப்பு வளையத்துக்குள் சிக்கினால், நீங்கள் விரலை எடுத்திருந்தாலும் அந்தத் துணியே விசையை இழுத்துவிடும். துப்பட்டா இல்லாமல் இருங்கள். நாடாவுக்குப் பதில் எலாஸ்டிக் வையுங்கள். புடவை கட்டும் நாளில் துப்பாக்கி பெட்டிக்குள் இருக்கட்டும். அத்தனை மடிப்புக்கும் முந்தானைக்கும் நடுவில் பாதுகாப்பாக எடுக்கவும் முடியாது, வைக்கவும் முடியாது.

பாலாறு (எடிசன், நியூ ஜெர்சி)

உறை இல்லாமல் இடுப்பில் செருகிக்கொள்பவர்கள் நம் ஆட்களிலும் இருக்கிறார்கள். அவர்களுக்காக ஒரு பெயரை நினைவூட்டுகிறேன்: பிளாக்சிகோ பரெஸ். நியூயார்க் ஜயன்ட்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணிக்கு சூப்பர் பவுல் கோப்பையை வென்று கொடுத்த வீரர். 2008 நவம்பரில் மன்ஹாட்டன் இரவு விடுதி ஒன்றில், விளையாட்டுக் கால்சட்டையின் இடுப்பில் செருகியிருந்த கிளாக் நழுவியது. பிடிக்கப் பார்த்தார். குண்டு அவர் தொடையிலேயே பாய்ந்தது. நியூயார்க்கில் உரிமமும் இல்லாததால் இரண்டு ஆண்டு சிறைத் தண்டனை. எலாஸ்டிக் கால்சட்டை எந்தத் துப்பாக்கியையும் தாங்காது.

மாநில எல்லையையும் மறக்காதீர்கள். ஒரு மாநில உரிமம் இன்னொரு மாநிலத்தில் தானாகச் செல்லாது. 2013இல் பென்சில்வேனியா உரிமத்தோடு எங்கள் மாநிலத்துக்குள் காரோட்டி வந்த ஒரு பெண், சாலையில் நிறுத்திய போலீஸ்காரரிடம் தானே உண்மையைச் சொல்லிக் கைதானார். ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி 2015இல் மன்னிப்பு வழங்கும்வரை அந்த வழக்கு அவரை விடவில்லை. 2022 ஜூனில் புரூயன் வழக்கில், பொது இடத்தில் கைத்துப்பாக்கி கொண்டுபோகும் உரிமையை ஏற்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு நியூயார்க், நியூ ஜெர்சியிலும் உரிமம் கிடைக்கிறது. ஆனாலும் எங்கே கொண்டுபோகலாம், எங்கே கூடாது என்ற பட்டியல் ஒவ்வொரு மாநிலத்திலும் வேறு.

யாழ்நிலவன் (டொராண்டோ)

தங்கச்சி, என் எழுத்து உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். இருந்தும் எழுதுகிறேன். துவக்கு எங்கும் நிறைந்திருந்த ஊரில் வளர்ந்தவன் நான். அது வீட்டுக்குள் வந்தால் வீட்டின் பேச்சும் நடப்பும் மாறிப்போவதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். இங்கே கனடாவில் 2022 அக்டோபரில் இருந்து தனியார் கைத்துப்பாக்கி வாங்குவதும் விற்பதும் கைமாற்றுவதும் முடக்கப்பட்டுவிட்டன. நாங்களும் கடை நடத்துகிறோம், இரவில் பூட்டுகிறோம்.

2021இல் அமெரிக்காவில் துவக்கால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 பேர் தற்கொலை. திருடன் வருவானோ வரமாட்டானோ தெரியாது. ஆனால் வீட்டில் யாராவது ஒருவர் மனமுடைந்து நிற்கும் ஓர் இரவு எந்தக் குடும்பத்துக்கும் வரும். அந்த இரவில் அது கைக்கு எட்டும் இடத்தில் இருக்கக் கூடாது. உறையைப் பற்றி இவ்வளவு பேசுகிறவர்கள் இதைப் பற்றியும் பேச வேண்டும்.

பணத்தைக் கேட்டால் கொடுத்துவிடுங்கள். கல்லாப் பணம் திரும்பச் சம்பாதிக்கக் கூடியது.

கொங்குத்தென்றல் (கேட்டி, டெக்சஸ்)

யாழ்நிலவன் அண்ணா, உங்கள் எழுத்து எனக்குப் பிடிக்காமல் போகவில்லை. பணத்தைக் கொடுத்துவிட வேண்டும் என்பதில் எனக்கும் கணவருக்கும் மாற்றுக் கருத்தே இல்லை. கடைப்பையனுக்கும் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறோம். ஆனால் அந்தக் கடைக்காரர் பணத்தைக் கொடுத்த பிறகுதான் அடிபட்டார். 2017 பிப்ரவரியில் கன்சஸ் மாநிலம் ஒலேத்தேயில் நம் நாட்டுப் பொறியாளர் ஒருவர் எதையும் கொடுக்க மறுக்கவில்லை. அவர் தோற்றத்துக்காகவே ஒருவன் சுட்டுக் கொன்றான். என் பயம் பணத்தைப் பற்றியது அல்ல.

வீட்டுக்குள் எப்படிப் பூட்டி வைப்பது என்பதை நீங்கள் எழுதிய பிறகுதான் தீவிரமாக யோசிக்கிறேன். அதையும் யாராவது விளக்குங்கள்.

குறிஞ்சிமலர் (இர்விங், டெக்சஸ்)

இழையைத் திசைதிருப்புவதற்கு மன்னிக்கவும். நான் எச்1பி வேலை விசாவில் இருக்கிறேன். டெக்சஸில் 2021இல் இருந்து உரிமமே வேண்டாம் என்கிறார்களே, நானும் வாங்கலாமா?

தாமிரபரணி (டாலஸ்)

குறிஞ்சிமலர், வேண்டாம். 2021 செப்டம்பர் 1 முதல் டெக்சஸில் 21 வயது நிரம்பிய, சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கத் தடை இல்லாதவர்கள் உரிமம் இன்றிக் கைத்துப்பாக்கி கொண்டுபோகலாம். ஆனால் எச்1பி, எச்4 (அவர்கள் குடும்பத்தார்), எஃப்1 (மாணவர்) போன்ற தற்காலிக விசாக்களில் இருப்பவர்களுக்குக் கூட்டாட்சிச் சட்டமே பொதுவாகத் தடை விதிக்கிறது. வேட்டை உரிமம் போன்ற விலக்குகள் சில உண்டு. அவற்றை நம்பி எதையும் செய்யும் முன் வழக்கறிஞரைப் பாருங்கள். நண்பரின் துப்பாக்கியைச் சுடுதளத்தில் கையில் வாங்கிப் பார்ப்பதுகூட 'வைத்திருந்தது' என்று வழக்காகலாம். கிரீன் கார்டு வந்த பிறகு நிலைமை வேறு.

சகோதரிக்கு: உரிமம் கட்டாயமில்லை என்றாலும் வகுப்புக்குப் போகும் உங்கள் முடிவு சரியானது. பள்ளியைச் சுற்றி ஆயிரம் அடிக்குள் பொதுச் சாலையில் துப்பாக்கியோடு போவதற்குக் கூட்டாட்சிச் சட்டத்தில் தடை உண்டு. அந்த மாநிலத்தின் உரிமம் பெற்றவருக்கு அதிலிருந்து விலக்கு இருக்கிறது. பிள்ளையைப் பள்ளியில் விடுபவருக்கு இது பெரிய விஷயம். வகுப்பின் முடிவில் 50 தோட்டாக்கள் சுட வேண்டும், 3, 7, 15 கஜத் தொலைவுகளில். 250 மதிப்பெண்ணுக்கு 175 எடுத்தால் தேர்ச்சி. கடினமான தேர்வு அல்ல. அதில் தேறிவிட்டதால் துப்பாக்கி கைவந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள்.

இனி உறை. மருதம் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். வாங்கியதும் வீட்டில் ஒரு சோதனை செய்யுங்கள். மேகசினைக் கழற்றுங்கள், ஸ்லைடை (துப்பாக்கியின் நகரும் மேல்பாகத்தை) பின்னுக்கு இழுத்துக் குழலறையைக் கண்ணால் பாருங்கள், விரலாலும் தடவிப் பாருங்கள். தோட்டாக்கள் எல்லாம் வேறு அறையில் இருக்க வேண்டும். காலித் துப்பாக்கியை உறையில் வைத்து, வெளிப்புறத்திலிருந்து விசை இருக்கும் இடத்தைக் கட்டைவிரலால் பலமாக அழுத்துங்கள். விசை இம்மியும் அசையக் கூடாது. பிறகு மெத்தைக்கு மேலே உறையைத் தலைகீழாகப் பிடித்து உலுக்குங்கள். விழக் கூடாது. கடைசியாகத் துப்பாக்கியை உருவிவிட்டு உறையின் வாயைப் பாருங்கள். வாய் திறந்தபடியே நிற்க வேண்டும். துவண்டு மூடிக்கொண்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பழைய தோல் உறைகளில் இதுதான் கோளாறு. வியர்வையில் ஊறி, விளிம்பு மெத்தென்றாகி, உள்ளே மடிந்து, திரும்ப வைக்கும்போது விரல்போல விசையில் மாட்டிக்கொள்ளும்.

உங்கள் கிளாக்கில் வெளியே பாதுகாப்புப் பூட்டு கிடையாது. விசையை முழுதாக இழுத்தால் சுடும், அவ்வளவுதான். அதற்குத் தேவையான பலம் ஏறக்குறைய இரண்டரை கிலோ. ஆகவே உங்களைக் காப்பது உறையும் உங்கள் விரலும் மட்டுமே. இது மனத்துக்கு ஒப்பவில்லை என்றால், சுத்தி வெளியே தெரியாத ஐந்து தோட்டா ரிவால்வரையும் யோசியுங்கள், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642 மாதிரி. அதன் விசை நீளமானது, இழுக்க இருமடங்கு பலம் வேண்டும். தவறுதலாக இழுபடுவது அரிது. ஆனால் குறிபார்த்துச் சுடப் பழகுவதும் அதே அளவுக்குக் கடினம்.

வைகைக்கரை (ஆஸ்டின்)

குழலறையைக் காலியாக வைப்பது பற்றி ஒன்றும் சொல்லவில்லையே அண்ணா?

தாமிரபரணி (டாலஸ்)

சொல்கிறேன் தம்பி. இஸ்ரேலில் அந்த முறை வந்ததற்குக் காரணம் உண்டு. பல நாடுகளிலிருந்து வந்த பலவகைப் பழைய துப்பாக்கிகளை, பயிற்சியில் ஒரே அளவில் இல்லாத ஆட்களிடம் கொடுக்க வேண்டியிருந்தது. அந்தச் சூழலுக்கு அது பொருந்தியது. நீங்கள் யோசிக்க வேண்டியது வேறு. ஸ்லைடை இழுக்க இரண்டு கைகளும் வேண்டும். இந்தச் சகோதரியின் ஒரு கையில் பணப்பை, சாவி, சில நாள் பிள்ளையின் கை. தாக்குபவன் ஒரு கையைப் பிடித்துவிட்டால் அந்தத் துப்பாக்கி வெறும் இரும்பு.

பழகும் முதல் சில மாதங்களுக்குக் காலியாக வைத்துக்கொள்வதை நான் தடுக்க மாட்டேன். உடம்பில் அது இருக்கும் உணர்வு பழகட்டும், நாள் முழுதும் அசையாமல் இருக்கிறதா என்று தெரியட்டும். ஆனால் உறை மேல் நம்பிக்கை இல்லாததால் குழலறையைக் காலியாக வைக்கிறேன் என்றால் மாற்ற வேண்டியது உறையை.

மனைவியின் குறுக்குப் பையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதைக் கழற்றவே மாட்டார் என்கிறீர்கள். கழிப்பறையில்? வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடத்தின் காவலர்களே கழிப்பறையில் துப்பாக்கியை மறந்துவிட்டுப் போன செய்தி 2015இல் வந்தது. அதைக் கண்டெடுத்தவர்களில் ஒரு குழந்தையும் உண்டு. பயிற்சி பெற்ற காவலருக்கே இது நடக்கிறது.

மருதம் (சான் அன்டோனியோ)

கழிப்பறைப் பேச்சு வந்ததால் சொல்கிறேன், யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. துப்பாக்கியை உறையிலிருந்து எடுக்காதீர்கள். பட்டையைத் தளர்த்தும்போது உறை நிமிர்ந்தே இருக்கும்படி முழங்காலுக்கு மேலேயே பிடித்துக்கொள்ளுங்கள். கொக்கியில் தொங்கவிட வேண்டாம், தண்ணீர்த் தொட்டி மேல் வைக்க வேண்டாம்.

வீட்டிலும் அப்படித்தான். காலையில் கட்டும்போது, துப்பாக்கி உறைக்குள் இருக்க, உறையோடு சேர்த்தே இடுப்பில் கட்டுகிறேன். இரவில் உறையோடு கழற்றிப் பெட்டிக்குள் வைக்கிறேன். விசைப்பகுதி எந்நேரமும் மூடியே இருக்கும். எடுத்து எடுத்து வைப்பதில்தான் விபத்து நடக்கிறது. குறிப்பாகக் காருக்குள் உட்கார்ந்தபடி கழற்றி மாட்டவே கூடாது. இடம் போதாது, குழல்வாய் உங்கள் தொடையையோ பக்கத்து இருக்கையையோ பார்த்துக்கொண்டிருக்கும்.

முன்வயிற்றில் வைப்பதா, வலது இடுப்பில் வைப்பதா என்று அடுத்துக் கேட்பீர்கள். முன்வயிற்றில் வைத்தால் கண்முன் இருக்கும், எளிதில் எடுக்கலாம், பின்னாலிருந்து யாரும் பிடுங்க முடியாது. ஆனால் குனிந்தால் குத்தும், தவறினால் தொடையின் பெரிய இரத்தக் குழாய் அங்கேதான் இருக்கிறது. புதியவர்கள் வலது இடுப்பில் தொடங்குவது நல்லது. நடு முதுகில் மட்டும் வைக்காதீர்கள், விழுந்தால் முதுகெலும்பு.

பாலாறு (எடிசன், நியூ ஜெர்சி)

ஒன்று சேர்க்கிறேன். கை நழுவிக் கீழே விழுந்தால் விழட்டும், தாவிப் பிடிக்காதீர்கள். 2018 ஜூனில் டென்வரில், பணியில் இல்லாத எஃப்.பி.ஐ. அதிகாரி ஒருவர் நடன விடுதியில் பின்பக்கமாகக் குட்டிக்கரணம் போட்டார். துப்பாக்கி தரையில் விழுந்தபோது வெடிக்கவில்லை. அவர் அவசரமாக எடுத்தபோதுதான் வெடித்தது. அருகில் நின்றவரின் காலில் குண்டு.

யாழ்நிலவன் (டொராண்டோ)

எல்லாவற்றையும் வாசித்தேன். என் கருத்து மாறவில்லை. ஆனால் உடம்பு அல்லது பூட்டிய பெட்டி என்று தாமிரபரணி எழுதியதை என்னால் எதிர்க்க முடியவில்லை. அந்தப் பெட்டியின் திறவுகோல் யாரிடம் இருக்கும் என்பதையும் தங்கச்சி முடிவு செய்யட்டும். கணவரோ நீங்களோ மனம் சரியில்லாத காலத்தில் அதை மற்றவர் எடுத்து வைத்துக்கொள்வது என்று இப்போதே பேசி வையுங்கள். நல்ல நாளில் பேசினால்தான் அந்த நாளில் செய்ய முடியும்.

கொங்குத்தென்றல் (கேட்டி, டெக்சஸ்)

அனைவருக்கும் நன்றி. கைப்பை வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. மருதம் சொன்ன பட்டை வகை உறையை வாங்குகிறேன், நாடாக்களை இன்றே எலாஸ்டிக்காக மாற்றத் தொடங்கிவிட்டேன். யாழ்நிலவன் அண்ணா சொன்னதைக் கணவரிடம் வாசித்துக் காட்டினேன். இருவரும் ஒப்புக்கொண்டோம்.

இரண்டு சந்தேகம் மிச்சம். கோவிலுக்கும் தபால் நிலையத்துக்கும் போகும்போது என்ன செய்வது? வழியில் போலீஸ் நிறுத்தினால்?

தாமிரபரணி (டாலஸ்)

தபால் நிலையம் கூட்டாட்சி இடம், வாகன நிறுத்தத்துக்குக்கூடக் கொண்டுபோக வேண்டாம். அன்றைக்கு வீட்டுப் பெட்டியிலேயே விட்டுவிடுங்கள். மற்ற இடங்களில் வாசலைப் பாருங்கள். 30.06, 30.07 என்ற சட்டப் பிரிவு எண்களோடு, ஓர் அங்குல உயர எழுத்தில், ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் பலகை இருந்தால் உரிமம் இருந்தாலும் உள்ளே கொண்டுபோகக் கூடாது. சிவப்பில் 51% என்று பெரிதாகப் போட்டிருந்தால் அது மது விற்பனையை நம்பிய இடம், அங்கேயும் கூடாது. கோவிலில் பலகை இல்லை என்றாலும் நிர்வாகத்திடம் கேட்டுவிடுங்கள்.

காரில் விட்டே ஆக வேண்டிய நேரத்துக்கு, இருக்கையின் இரும்புக் காலில் கம்பி வடத்தால் பிணைக்கும் சிறு எஃகுப் பெட்டி வாங்குங்கள். உறையோடு அப்படியே உள்ளே வைத்துப் பூட்ட வேண்டும். கோவில் வாசலில் வைத்து இதைச் செய்ய வேண்டாம், பார்ப்பவன் பார்ப்பான். கிளம்பும் முன் வீட்டிலேயே பூட்டிவிட்டுப் புறப்படுங்கள். வீட்டுப் பெட்டி எண் அழுத்தித் திறப்பதாக, சுவரிலோ அலமாரியிலோ திருகப்பட்டதாக இருக்கட்டும். 17 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையின் கைக்குத் தோட்டா நிரம்பிய துப்பாக்கி எட்டும்படி அலட்சியமாக விட்டால் டெக்சஸில் அதுவே குற்றம்.

போலீஸ் விஷயத்தில் அதிகக் கவனம் வேண்டும். 2016 ஜூலையில் மினசோட்டாவில் பிலாண்டோ கஸ்டீல் என்ற கறுப்பின இளைஞர், தன்னிடம் துப்பாக்கி இருப்பதாக முறைப்படி போலீஸ்காரரிடம் சொன்ன சில நொடிகளில் சுட்டுக் கொல்லப்பட்டார். காரின் பின் இருக்கையில் ஒரு சிறுமி. சுட்டவர் அடுத்த ஆண்டு விடுதலையானார். நம் தோல் நிறத்தை வைத்து நான் இதைச் சும்மா சொல்லவில்லை.

நிறுத்தியதும் உள்விளக்கைப் போடுங்கள், கண்ணாடியை இறக்குங்கள், இரண்டு கைகளும் ஸ்டியரிங் மேல் இருக்கட்டும். அடையாள அட்டை கேட்டால் ஓட்டுநர் உரிமத்தோடு துப்பாக்கி உரிமத்தையும் சேர்த்தே காட்ட வேண்டும், டெக்சஸ் சட்டம் அது. இரண்டு அட்டைகளையும் இடுப்பிலிருந்து தள்ளி, கண்ணாடிக்கு மேலுள்ள மடிப்புத் தட்டில் வையுங்கள். "உரிமம் இருக்கிறது, வலது இடுப்பில் இருக்கிறது, என்ன செய்யட்டும்?" என்று கேளுங்கள். அவர் சொல்லும்வரை கையை நகர்த்தாதீர்கள். அவரே எடுத்துக்கொள்கிறேன் என்றால் எடுக்கட்டும். உங்கள் கை அதன் பக்கம் போகக் கூடாது. கணவரையும் பக்கத்து இருக்கையில் உட்காரவைத்து இதை ஒருமுறை பழகிப் பாருங்கள், நின்ற காரில், துப்பாக்கி இல்லாமல்.